வர்த்தமானியும் வழக்கும்: சம்பந்தன் திருகோணமலைக்கு விட்டுச் சென்றது

இராஜவரோதயம் சம்பந்தன் 2024 ஜூன் 30ஆம் திகதி, தமது 91ஆவது வயதில் காலமானார். அதன் பின் வந்த அஞ்சலிக் கட்டுரைகளும் கண்டனக் கட்டுரைகளும் ஒரே அளவுகோலையே கையில் எடுத்தன. இனப்பிரச்சினைக்குத் தீர்வு கிடைத்ததா, இல்லையா? கிடைக்கவில்லை. ஆகவே ஒரு சாரார் அவரைக் கடைசிவரை போராடிய தலைவர் என்று போற்றினார்கள். மறு சாரார் காலத்தைக் கடத்திவிட்டுப் போனவர் என்று முடித்துக்கொண்டார்கள். அவர் பிழைப்புக்காகப் படித்த தொழில் எதுவோ அந்தத் தொழிலின் கண்ணோடு அவருடைய அரசியலைப் பார்த்தவர்கள் குறைவு. அவர் ஒரு சட்டத்தரணி. எழுதப்பட்ட சட்டத்தைக் கையில் எடுத்து, இந்த வாசகம் இதைத்தான் சொல்கிறது, அரசு இதற்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும் என்று அவர் நின்ற இடங்களில் பெரும்பாலும் வென்றார். ஆட்சியிலிருப்பவரின் வாக்குறுதியை நம்பி நின்ற இடங்களில் ஏமாந்தார். அவருடைய நெடிய அரசியல் வாழ்வு முழுவதிலும் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. திருகோணமலை மக்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டிய பாடம் இன்னும் எடுக்கப்படவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

1933 பெப்ரவரி 5ஆம் திகதி பிறந்தவர் சம்பந்தன். தந்தையார் கல்லோயாத் திட்டத்தில் களஞ்சியப் பொறுப்பில் பணியாற்றியவர். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரி, திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரி, மொறட்டுவை புனித செபஸ்தியார் கல்லூரி என்று வடக்கு, கிழக்கு, தெற்கு மூன்றிலும் படித்தார். கொழும்புச் சட்டக் கல்லூரியில் தேறி, சொந்த ஊரான திருகோணமலைக்குத் திரும்பித் தொழில் செய்தார். தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956இல் தமிழரசுக் கட்சியில் சேர்ந்தவர், உடனே தேர்தலுக்கு ஓடவில்லை. 1963இலும் 1970இலும் கட்சித் தலைவர் செல்வநாயகம் (தந்தை செல்வா) வேட்பாளராக நிற்கும்படி கேட்டபோது மறுத்தார். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் திருகோணமலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனபோது அவருக்கு வயது 44. அரசியலே வாழ்க்கையாக வளர்ந்த ஒருவர் போலன்றி, தொழிலில் பழுத்த பிறகு பதவிக்கு வந்த மனிதர் அவர். பிற்காலத்து அவருடைய பாராளுமன்ற உரைகளைப் படிப்பவர்களுக்கு இது விளங்கும். மேடை முழக்கம் அவற்றில் குறைவு. எந்த அரசாங்கம் எந்த ஆண்டில் எந்த ஆவணத்தில் எதை எழுத்தில் ஒப்புக்கொண்டது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அதன் மேலேயே நின்று பேசுவார்.

அப்படிப்பட்ட ஒருவரை அனுப்பவேண்டிய தேவை மற்ற எந்த மாவட்டத்தையும்விடத் திருகோணமலைக்கு அதிகம். காரணம், இந்த ஊரின் தலைவிதி எப்போதுமே காகிதத்தில் தீர்மானிக்கப்பட்டு வந்திருக்கிறது, அந்தக் காகிதமும் வேறெங்கோ கையெழுத்தாகியிருக்கிறது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த துறைமுகம், சுதந்திரம் வந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு 1957இல்தான் இலங்கையின் கைக்கு வந்தது. 1987 ஜூலை 29ஆம் திகதி இந்திய - இலங்கை ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவத் தேவைக்கும் கொடுக்கலாகாது என்பதும் எண்ணெய்க் குதங்களைக் கூட்டாகச் சீர்செய்வது என்பதும் இருந்தன. அந்தக் குதங்கள் 99. 2022 ஜனவரியில் அவற்றில் 14 லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டுக்கும் கூட்டான நிறுவனத்துக்கு என்று பிரிக்கப்பட்டது. சீனக்குடாவில் அந்தக் குதங்களைச் சுற்றி வாழும் ஒருவரிடமாவது யாரும் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? 1984இல் வர்த்தமானி மூலம் துறைமுகத்தைச் சுற்றிய பெருநிலப் பரப்பு துறைமுக அதிகாரசபைக்குப் போனது. தலைமுறையாகக் குடியிருந்தவர்களும் பயிர் செய்தவர்களும் அதற்குப் பிறகு தங்கள் காணியிலேயே அத்துமீறியவர்கள் என்ற பெயரோடு வாழவேண்டி வந்தது. முத்துநகர் விவசாயிகள் 2025இல் தெருவுக்கு வந்து போராடியதன் வேர் இந்த வர்த்தமானியில்தான் இருக்கிறது.

இந்த ஊருக்காக ஒரு சட்டத்தரணி பதவியைத் துறந்த வரலாறும் உண்டு. இன்றைய தலைமுறை அதை மறந்துகொண்டிருக்கிறது. 1965இல் டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கத்தில் தமிழரசுக் கட்சி சேர்ந்தபோது உள்ளூராட்சி அமைச்சராக அமர்ந்தவர் மு. திருச்செல்வம். கியூ.சி. பட்டம் பெற்றவர், முன்னாள் மன்றாடியார் நாயகம். பிரெட்றிக் கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயில் வளாகத்தைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய அவர் ஒரு குழுவை நியமித்தார். அமைச்சருக்குள்ள அதிகாரத்தின்படி எடுத்த முடிவு அது. எதிர்ப்பு எழுந்ததும் பிரதமர் அந்தக் குழுவை நிறுத்தினார். திருச்செல்வம் 1968இல் பதவி விலகினார். கட்சியும் பின்னர் அரசாங்கத்தை விட்டு வெளியே வந்தது. கவனிக்கவேண்டியது என்னவென்றால், அந்தக் கூட்டு அரசாங்கமே ஒரு வாக்குறுதியின் மேல் கட்டப்பட்டது. டட்லியும் செல்வநாயகமும் 1965இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் மாவட்ட சபைகள் வரும், காணிப் பங்கீட்டில் உள்ளூர் தமிழ் பேசும் மக்களுக்கு முன்னுரிமை இருக்கும் என்றிருந்தது. இவை இரண்டும் சட்டமாகவில்லை. சட்டமாகாத வாக்கை வைத்துக்கொண்டு அமைச்சரவையில் இருந்தவர், தம் அமைச்சின் அதிகாரத்தை எடுத்துப் பயன்படுத்திய முதல் நாளிலேயே அந்த வாக்கின் கனம் எவ்வளவு என்று கண்டுகொண்டார்.

சம்பந்தனுடைய முதல் பாராளுமன்றக் காலமும் சட்டத்தின் மறுமுகத்தை அவருக்குக் காட்டியது. 1983 கறுப்பு ஜூலைக்குப் பின், ஆகஸ்டில், அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் அவசர அவசரமாக நிறைவேறியது. தனிநாட்டைக் கோருவதோ ஆதரிப்பதோ குற்றமாயிற்று. உறுப்பினர்கள் அதன்படி சத்தியப்பிரமாணம் எடுக்கவேண்டும் என்றாயிற்று. தனிநாட்டுக் கோரிக்கையை முன்வைத்து மக்களின் ஆணையைப் பெற்ற கூட்டணி உறுப்பினர்கள் சபைக்குப் போகாமல் நின்றார்கள், ஆசனங்களை இழந்தார்கள். சம்பந்தனும் இழந்தார். அதன் பிறகு 1989இலும் 1994இலும் தோல்வி. 1997 ஜூலை 5ஆம் திகதி திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் நடந்த விழாவில் திருகோணமலைப் பாராளுமன்ற உறுப்பினர் அ. தங்கத்துரை கொல்லப்பட, அந்த வெற்றிடத்துக்குத்தான் சம்பந்தன் மறுபடி பாராளுமன்றம் போனார். 2000இல் மீண்டும் தோல்வி. 2001இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராக வென்றவர், அதன் பின் சாகும்வரை அந்த ஆசனத்தில் இருந்தார். தம் தலைமுறையின் சகாக்கள் பலர் துப்பாக்கிக்கு இரையான காலம் முழுவதும் உயிரோடிருந்து, ஆசனம் இழந்து பதினெட்டு ஆண்டு கழித்துத் தேர்தலில் வென்று வந்த ஒருவரின் பொறுமையை எளிதாகப் பரிகசிப்பது நியாயமில்லை.

சட்டத்தரணியாக அவர் ஈட்டியது என்ன என்ற கேள்விக்கு இரண்டு தீர்ப்புகள் பதிலாக இருக்கின்றன. முதலாவது 2017 ஆகஸ்ட் 4ஆம் திகதி வந்தது. ஆறாவது திருத்தத்தின் 157அ உறுப்புரையின் கீழ், தமிழரசுக் கட்சியின் நோக்கம் தனிநாடுதான் என்று பிரகடனப்படுத்துமாறு 2014இல் ஒருவர் உயர் நீதிமன்றத்துக்கு மனு போட்டார். அந்தப் பிரகடனம் கிடைத்திருந்தால் கட்சியே சட்டவிரோதமாகியிருக்கும். சமஷ்டி கேட்பதும் பிரிவினை கேட்பதும் ஒன்றல்ல, ஒரே நாட்டுக்குள் கூட்டாட்சி வேண்டும் என்பதைப் பிரிவினையாகக் கொள்ளமுடியாது என்று பிரதம நீதியரசர் பிரியசாத் டெப் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்து, மனுவைத் தள்ளுபடி செய்தது. 1949இல் கட்சி பிறந்த நாளிலிருந்து தென்னிலங்கை மேடைகளில் சமஷ்டி என்றாலே நாட்டைத் துண்டாடுவது என்ற பேச்சுத்தான். அந்தப் பேச்சுக்கு அறுபத்தெட்டு ஆண்டு கழித்து நாட்டின் அதியுயர் நீதிமன்றம் எழுத்தில் பதில் சொல்லியது. சம்பந்தன் தலைமையில் கட்சி 'பிளவுபடாத ஒரே நாட்டுக்குள்' என்ற தொடரை விடாமல் சொல்லி வந்ததற்காக அவரைத் துரோகி என்றவர்கள் உண்டு. அந்தத் தொடரை அப்படிக் கவனமாக வைத்திருந்ததால்தான் கட்சியின் வாதம் நின்றது. தன் கட்சிக்காரரைக் காப்பாற்றும் சொல் எது, கவிழ்க்கும் சொல் எது என்று அறிந்த சட்டத்தரணியின் வேலை அது.

இரண்டாவது தீர்ப்பு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ரணில் விக்கிரமசிங்கவைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கி மகிந்த ராஜபக்ஷவை அமர்த்தினார். சபையில் பெரும்பான்மை சேராது என்று தெரிந்ததும் நவம்பர் 9ஆம் திகதி இரவோடிரவாகப் பாராளுமன்றத்தைக் கலைத்து வர்த்தமானி வெளியிட்டார். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சம்பந்தனும் வேறு பல கட்சியினரும் அடிப்படை உரிமை மனுக்களோடு உயர் நீதிமன்றம் போனார்கள். சட்டமா அதிபர் தரப்பு, பாராளுமன்றத்தைக் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு என்னும் 33(2)(இ) உறுப்புரையைக் காட்டி, அது தனித்து நிற்கும் அதிகாரம் என்று வாதாடியது. மனுதாரர் தரப்பு 70(1)ஐக் காட்டியது. பத்தொன்பதாம் திருத்தத்துக்குப் பிறகு அந்த உறுப்புரை அப்போது சொன்னது இது: முதலாவது அமர்விலிருந்து நான்கரை ஆண்டு முடியும்வரை ஜனாதிபதி கலைக்கமுடியாது, அதற்கு முன் கலைப்பதென்றால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்கவேண்டும். 2015 செப்டெம்பரில் கூடிய சபைக்கு 2018 நவம்பரில் மூன்று ஆண்டு சொச்சந்தான் ஆகியிருந்தது. பொதுவாகச் சொல்லும் ஓர் உறுப்புரையும், நிபந்தனை போட்டுச் சொல்லும் ஓர் உறுப்புரையும் மோதினால் நிபந்தனைதான் நிற்கும். இல்லையென்றால் அதை எழுதியதற்கே பொருளில்லை. நவம்பர் 13ஆம் திகதி இடைக்காலத் தடை வந்தது. டிசம்பர் 13ஆம் திகதி பிரதம நீதியரசர் நளின் பெரேரா உட்பட ஏழு நீதியரசர்களும் ஒருமித்து அந்த வர்த்தமானி செல்லாது என்றார்கள். நாட்டின் நிறைவேற்று ஜனாதிபதி ஒருவர் கையெழுத்திட்ட கட்டளை, திருகோணமலையிலிருந்து போன ஒரு தமிழரின் மனுவில் வெற்றுக் காகிதமாயிற்று.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் நமக்குத் தெரிந்ததே. அவர் ரணிலைத்தானே காப்பாற்றினார், தமிழருக்கு என்ன கிடைத்தது என்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. தீர்ப்பு வந்து ஐந்து நாளில், டிசம்பர் 18ஆம் திகதி, எதிர்க்கட்சித் தலைவர் பதவி சம்பந்தனிடமிருந்து மகிந்த ராஜபக்ஷவுக்குப் போயிற்று. தாம் காப்பாற்றிய பாராளுமன்றமே அவரை அந்த ஆசனத்திலிருந்து இறக்கியது. ஆனால் வழக்கின் பெறுபேற்றை ஒரு பதவியாலோ ஒரு பிரதமராலோ அளப்பது தவறு. ஜனாதிபதியின் வர்த்தமானியை ஒரு குடிமகன் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம், அரசியலமைப்பின் கீழ் யாருக்கும் கட்டற்ற அதிகாரம் கிடையாது என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. வர்த்தமானியால் காணி இழந்த, வர்த்தமானியால் கோயில் வளாகம் இழந்த, வர்த்தமானியால் வனமாகவும் தொல்பொருள் இடமாகவும் ஆக்கப்பட்ட வயல்களைக் கொண்ட ஒரு மாவட்டத்துக்கு இதைவிடப் பயனுள்ள முன்தீர்ப்பு எது?

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. சட்டமும் நீதிமன்றமும் தமிழருக்கு எதிராகவே பெரும்பாலும் திரும்பியிருக்கின்றன என்பது அது. கோடீஸ்வரன் வழக்கை எடுத்துக்காட்டுவார்கள். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத மறுத்ததற்காகச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்ட அந்த அரச எழுதுவினைஞருக்கு 1964இல் மாவட்ட நீதிமன்றம் சாதகமாகத் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. 1969இல் இலண்டன் கோமறை மன்றம் மேன்முறையீட்டை ஏற்றது. தனிச் சிங்களச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதா என்ற மூலக்கேள்விக்கு விடை வருவதற்குள் கோமறை மன்றத்துக்கான மேன்முறையீடே 1971இல் ஒழிக்கப்பட்டது. 1972 அரசியலமைப்பில் சிறுபான்மைக் காப்பான 29ஆம் பிரிவும் போயிற்று. ஆட்டத்தில் தோற்கப்போகிறோம் என்று கண்டவர்கள் ஆட்ட விதியை மாற்றினார்கள். இது உண்மை. ஆனால் விதியை மாற்றவேண்டிய நிலைக்கு ஓர் அரசைத் தள்ளியது வழக்கு என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

வடகிழக்கு இணைப்பைப் பிரித்த தீர்ப்பையும் காட்டுவார்கள். 2006 ஒக்டோபர் 16ஆம் திகதி பிரதம நீதியரசர் சரத் என். சில்வாவின் அமர்வு, ஜே.வி.பி.யினர் ஆதரவில் வந்த மனுக்களை ஏற்று, இரு மாகாணங்களின் இணைப்பு செல்லாது என்றது. ஒன்றிணைந்த மாகாணத்தின் தலைநகராக இருந்த திருகோணமலை அந்தத் தகுதியை இழந்தது. அந்தத் தீர்ப்பு தமிழருக்கு வலித்தது, இன்றும் வலிக்கிறது. ஆயினும் அந்த இணைப்பு எதன் மேல் நின்றது என்று பார்த்தால் என் வாதம் உடையவில்லை, உறுதிப்படுகிறது. 1988இல் ஜயவர்தன அதைப் பாராளுமன்றச் சட்டத்தால் நிரந்தரமாகச் செய்யவில்லை. அவசரகால ஒழுங்குவிதியால் மாகாணசபைச் சட்டத்தின் நிபந்தனையைத் தளர்த்தி, ஜனாதிபதிப் பிரகடனத்தால் இணைத்தார். கிழக்கில் நடத்துவதாகச் சொன்ன சர்வசன வாக்கெடுப்பு ஆண்டுதோறும் தள்ளிப்போடப்பட்டது. அடுத்தடுத்து வந்த ஜனாதிபதிகளின் தயவில் பதினெட்டு ஆண்டு நின்ற ஏற்பாடு அது. அதைச் சட்டத்தால் உறுதிசெய்ய, அரசுகள் பேச்சுக்கு வந்து நின்ற நேரங்களில் தமிழ்த் தரப்பு போதிய அழுத்தம் கொடுக்கவில்லை. நீதிமன்றம் இடித்தது அத்திவாரமில்லாத கட்டடத்தை.

வாக்கை நம்பிய பிழையைச் சம்பந்தனும் செய்தார், அதுவும் பெரிய அளவில். 2015 ஜனவரியில் சிறிசேனவை ஜனாதிபதியாக்கியதில் வடகிழக்குத் தமிழ், முஸ்லிம் வாக்குகள் முடிவானவை. அந்த ஆதரவுக்கு எழுத்தில் எதுவும் பெறப்படவில்லை. 2016க்குள் தீர்வு வரும் என்று சம்பந்தன் மக்களிடம் சொன்னார். பாராளுமன்றம் அரசியலமைப்புப் பேரவையாகக் கூடியது. வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை 2017 செப்டெம்பரில் வந்தது. 2018 ஒக்டோபருக்குப் பிறகு எல்லாம் அப்படியே நின்றுபோனது. பதின்மூன்றாம் திருத்தத்தில் எழுத்திலேயே இருக்கும் காணி, பொலிஸ் அதிகாரங்கள் நடைமுறைக்கு வரவில்லை. கிழக்கு மாகாணசபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடத்தப்படவேயில்லை. இந்த இடத்தில் எனக்கு அவர்மீது கடுமையான குறை உண்டு. ஓர் அரசாங்கத்தை நிலைநிறுத்தும் பலம் கையில் இருந்த மூன்றரை ஆண்டுகளில், புதிய அரசியலமைப்பு என்ற பெரிய கனவுக்குக் காத்திருந்த நேரத்தில், இருக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தும்படி கட்டாயப்படுத்தியிருக்கலாம். அந்தத் திருத்தம் சொல்லும் தேசிய காணி ஆணைக்குழுவை அமைக்கச் சொல்லி நீதிமன்றப் படி ஏறியிருக்கலாம். ஏழு நீதியரசர்கள் முன்னால் போக அவருக்குத் தெரிந்திருந்தது. தம் சொந்த மாகாணத்துக்காக அப்படிப் போகவில்லை.

விடுதலைப் புலிகளை ஏகப் பிரதிநிதிகளாகக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட காலத்தை வைத்து, சட்டம் பேசியவருக்கு அப்போது சட்டம் எங்கே போனது என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். 2004இல் 22 ஆசனங்களோடு கூட்டமைப்பு பாராளுமன்றம் போனது அந்த நிலைப்பாட்டில்தான். புலிகளே கொன்றதாகக் கருதப்படும் தங்கத்துரையின் ஆசனத்தில் வந்து அமர்ந்தவர் அதை ஏற்றது அவருடைய வாழ்க்கையின் மிக இருண்ட பகுதி என்றே கருதுகிறேன். துப்பாக்கியின் நிழலில் கொடுக்கப்பட்ட ஒப்புதலைச் சுயமான ஒப்புதலாக எந்தச் சட்டமும் கொள்வதில்லை. ஆனாலும் மக்களுக்கு உண்மையைப் பின்னாளிலாவது அவர் விரிவாகச் சொல்லியிருக்கவேண்டும்.

கொழும்புத் தீர்ப்புகளை விட்டு மாவட்டத்துக்குள் வந்தால் சம்பூர்தான் முதலில் நிற்கிறது. 2006 ஏப்ரலில் எறிகணைக்கு அஞ்சி ஓடிய மக்கள் திரும்பி வருவதற்குள் 2007இல் அவர்கள் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் வந்தது. பிறகு அனல் மின்நிலையத்துக்கென்று ஒரு பகுதி, கடற்படைக்கென்று ஒரு பகுதி, முதலீட்டுச் சபையின் கைத்தொழில் வலயத்துக்கென்று 818 ஏக்கர். கிளிவெட்டி நலன்புரி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஒன்பது ஆண்டு இருந்த மக்கள் கையில் உறுதியும் பெர்மிட்டும் இருந்தன. 2015 மே மாதத்தில் 818 ஏக்கர் வர்த்தமானி இரத்தானது. இழுபறிக்குப் பின் மக்கள் திரும்பினார்கள். 2016 மார்ச்சில் கடற்படை வைத்திருந்த 177 ஏக்கரும் விடப்பட்டது. அதே ஆண்டில் நிலக்கரி மின்நிலையத் திட்டம் கைவிடப்பட்டது. இது சம்பந்தன் பொதுவெளியிலும் ஜனாதிபதியிடமும் விடாமல் வற்புறுத்தியதன் பலன் என்பதை அவரை எதிர்ப்பவர்களும் மறுப்பதில்லை. அவர் கேட்டதும் திட்டவட்டமானது. இன்ன வர்த்தமானியை இன்ன காணிக்காக இரத்துச் செய் என்பதே கோரிக்கை. வந்து சேர்ந்ததும் வாக்குறுதியாக வரவில்லை, இன்னொரு வர்த்தமானியாக வந்தது. கன்னியாவிலும் இதே முறைதான் பலித்தது. வெந்நீரூற்று வளாகத்தில் பிள்ளையார் கோயில் இருந்த இடத்தில் விகாரை எழுப்பும் முயற்சியை 2019 ஜூலையில் திருகோணமலை மேல் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைதான் நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்து பெறமுடியாத ஒன்றை ஒழுங்காகத் தயாரித்த ஒரு மனு பெற்றுக் கொடுத்தது.

வெகு தொலைவில் இதே போன்ற இன்னொரு துறைமுகத் தீவைப் பார்ப்பது இங்கே உதவும். பசிபிக்கில் இருக்கும் குவாம் தீவின் பூர்வகுடிகள் சமோரோ மக்கள். 1898இல் ஸ்பானியரிடமிருந்து அமெரிக்கா எடுத்துக்கொண்ட தீவு. அப்ரா துறைமுகத்தின் கடற்படைத் தளமும் விமானத் தளமும் அமெரிக்கப் படைகளின் கையில். 1950இல் குடியுரிமை கிடைத்தது. ஆனால் இன்றும் அவர்களுக்கு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் வாக்கில்லை; காங்கிரசுக்கு அனுப்பும் ஒரே பிரதிநிதிக்கு இறுதி வாக்கெடுப்பில் கை தூக்க உரிமையில்லை. தங்கள் அரசியல் எதிர்காலம் பற்றிப் பூர்வீகக் குடிகள் மட்டும் வாக்களிக்கும் ஒரு கருத்துக் கணிப்பை நடத்த அவர்கள் சட்டம் செய்தபோது, அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் அதைச் செல்லாது என்றது. அங்கும் சமோரோ சட்டத்தரணிகள் சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் பதவியில் இருந்து இதே வேலையைத்தான் செய்து வருகிறார்கள், எங்களைவிட மெலிந்த கருவிகளோடு. திருகோணமலை அனுப்பும் உறுப்பினருக்கு முழு வாக்கு இருக்கிறது; அந்த வாக்கு அரசாங்கங்களை ஆக்கியும் கவிழ்த்தும் இருக்கிறது. அடிப்படை உரிமை மனுவோடு எந்தக் குடிமகனும் நேரே உயர் நீதிமன்றம் போகலாம். இருக்கும் கருவி இவ்வளவு என்று அறிந்து அதை முழுதாகப் பயன்படுத்துகிறோமா என்பதே எங்கள் முன் உள்ள கேள்வி.

பயன்படுத்தவில்லை. சம்பந்தனின் மிகப் பெரிய குறை இங்கேதான். தாம் அறிந்த வித்தையை அவர் ஊரில் ஒரு நிறுவனமாக்கவில்லை. கடைசி ஆண்டுகளில் உடல் தளர்ந்து பாராளுமன்றம் போகமுடியாமல் இருந்தபோது, மாவட்டத்தின் ஒரே தமிழ் ஆசனம் பேச்சற்றுக் கிடந்தது. கட்சிக்குள்ளிருந்தே விலகும்படி வெளிப்படையாகச் சொன்னார்கள், அவர் விலகவில்லை. அதே காலத்தில்தான், 2020 ஜூனில், கிழக்கு மாகாணத்துக்கான தொல்பொருள் ஜனாதிபதிச் செயலணி வர்த்தமானியில் வந்தது. பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் அமைந்த அந்தச் செயலணிக்கு ஆரம்பத்தில் நியமிக்கப்பட்டவர்களில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. தென்னமரவாடியிலும் குச்சவெளியிலும் புல்மோட்டையிலும் கல் நட்டுப் போகும் அதிகாரிகளை எதிர்கொள்ளும் விவசாயிக்கு, இது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ், ஆட்சேபனை தெரிவிக்க எத்தனை நாள், எந்த அலுவலகத்தில் என்று சொல்ல ஆளில்லை. ஆட்சேபனைக் காலம் முடிந்த பிறகுதான் கிராம சேவகரிடமிருந்து விஷயமே தெரியவருகிறது. அதற்குப் பிறகு ஊர்வலமும் கடையடைப்பும் நடக்கிறது. பத்திரிகையில் படம் வருகிறது. காணி போன இடத்திலேயே நிற்கிறது.

இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் பத்தில் நான்கு பங்கு, தமிழர் மூன்று பங்கு அளவில், மீதி பெரும்பாலும் சிங்களவர். 2024 நவம்பர் தேர்தலில் நான்கு ஆசனங்களில் ஒன்றுதான் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது, அதுவும் சிதறாமல் வாக்களித்ததால். எண்ணிக்கையால் இங்கே எந்தச் சமூகமும் தனித்து எதையும் சாதிக்கப்போவதில்லை. முத்துநகர் வயல்காரருக்கும் சம்பூர் வயல்காரருக்கும் எதிராக வரும் வர்த்தமானியின் மொழி ஒன்றுதான். அதை எதிர்க்கும் மனுவின் வடிவமும் ஒன்றுதான். மேடையில் சேரமுடியாத தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மனுவில் முதலாம், இரண்டாம் மனுதாரராகச் சேரலாம். 2018 வழக்கில் கூட்டமைப்பும் முஸ்லிம் காங்கிரசும் ஐக்கிய தேசியக் கட்சியும் ஜே.வி.பி.யும் ஒரே பக்கத்தில் நின்றதை நாடே பார்த்தது.

ஆகவே திருகோணமலைச் சட்டத்தரணிகளிடமும், சம்பந்தனின் ஆசனத்தில் இன்று இருப்பவரிடமும், முஸ்லிம் கட்சிகளிடமும் கேட்பது ஒன்றே. அவருக்குச் சிலை வைப்பதற்கு முன் நகரத்தில் ஒரு காணிச் சட்ட அலுவலகத்தைத் திறவுங்கள். மாவட்டத்தைத் தொடும் ஒவ்வொரு வர்த்தமானியையும் வெளிவரும் வாரத்திலேயே படித்து, சம்பந்தப்பட்ட பிரதேச செயலகப் பிரிவின் மக்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் தெரிவிக்கச் சம்பளத்துக்கு இருவரை அமர்த்துங்கள். 1984ஆம் ஆண்டுத் துறைமுக வர்த்தமானியில் அடங்கிய காணிகளில் உறுதியும் பெர்மிட்டும் வைத்திருப்போர் பட்டியலிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். அந்தக் காணிகளில் பிறந்தவர்கள் நாற்பது ஆண்டைக் கடந்துவிட்டார்கள். முதல் தலைமுறைச் சாட்சிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சத்தியக்கடதாசிகளை இந்த ஆண்டே எழுதி வாங்கவேண்டும்.